மழைக்காட்டு ஊரில் கழிவு நீர்

மழை மிகுந்த ஊரில் கழிவு நீரைப் பற்றிக் கவலைப்பட என்ன இருக்கிறது என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். வானம் பொழிகிறது, நீர் மலைச்சரிவில் இறங்குகிறது, ஓடை அதை வாங்கி ஆற்றிலோ கடலிலோ சேர்த்துவிடுகிறது, ஊர் தானாகவே கழுவப்பட்டுவிடுகிறது. வறண்ட நாட்டிலிருந்து சென்று குடியேறியவர்களுக்கு இந்த எண்ணம் எளிதில் தோன்றுவது இயல்பே. ஆயினும் அது பாதி உண்மையும் பாதி மயக்கமும் ஆகும். கழுவப்படுவது மேட்டிலுள்ள வீடு. கழுவிய நீர் சென்று தங்குவது பள்ளத்திலுள்ள வீட்டின் கிணறு. ஓர் ஊருக்குப் புதிதாகப் பிழைக்கச் செல்லும் குடும்பத்துக்குக் குறைந்த வாடகையில் கிடைப்பது பெரும்பாலும் பள்ளத்து வீடேயாதலால், இச்செய்தி நம்மவர்க்குப் புறம்பானதன்று.

நம் நாட்டில் வெப்பமண்டல மழைக்காடுகள் மூன்று பகுதிகளில் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கடல் நோக்கிய சரிவு ஒன்று. அஸ்ஸாமும் அதனைச் சூழ்ந்த வடகிழக்குப் பகுதியும் மற்றொன்று. அந்தமான் நிக்கோபார் தீவுகள் மூன்றாவது. வயநாடு, குடகு, இடுக்கி ஆகிய மலைநாடுகளில் தோட்டத் தொழிலின் பொருட்டும், அந்தமானில் துறைமுகம், கட்டடப் பணி, வாணிபம், அரசாங்க உத்தியோகம் ஆகியவற்றின் பொருட்டும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். இக்கட்டுரையில் நாம் அந்தமானின் தலைநகரையே முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்வோம். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கிய அந்நகரம் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை ஏறக்குறைய ஒரு லட்சம். தீவின் மற்ற ஊர்களாகிய ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் முதலியன அதனினும் மிகச் சிறியவை. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. போர்ட் பிளேரில் பெய்வது 3,000 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஒன்றையடுத்து ஒன்றாக வந்து, மே முதல் டிசம்பர் வரை நிலத்தை உலரவிடாமல் நனைத்துக்கொண்டே இருக்கின்றன.

மழை கழுவுவதில்லை, சுமந்து செல்கிறது என்பதற்குச் சான்று தேடிக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. தலைநகர் டில்லியிலேயே 1955-ஆம் ஆண்டின் இறுதியில் அது நிகழ்ந்தது. அவ்வாண்டு மழைக்கால வெள்ளம் வடிந்தபின் யமுனையின் நீரோட்டம் இடம் மாறிற்று. நகரின் கழிவைச் சுமந்துவந்த நஜஃப்கர் கால்வாயின் நீர், குடிநீர் எடுக்கும் வஜீராபாத் துறையை எட்டிவிட்டது. குளோரின் கலந்தார்கள், அதனால் காலராவும் குடற்காய்ச்சலும் பெருகவில்லை. ஆனால் கண்ணுக்கும் சாதாரண நுண்பெருக்கிக்கும் புலப்படாத வைரஸ் ஒன்று குழாய் வழியே வீடுகளுக்குள் புகுந்தது. அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சள் காமாலையால் துன்புற்றனர். கருவுற்ற பெண்களிடையே மரணம் மிகுதியாக இருந்தது. இன்று ஹெப்படைட்டிஸ் 'ஈ' என்று அழைக்கப்படும் நோய் அதுவே எனப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. பெருநகரம் ஒன்றில், சுத்திகரிப்பு நிலையமும் வல்லுநர்களும் இருந்த இடத்தில் நேர்ந்தது இது. கிணற்று நீரை அப்படியே மொண்டு குடிக்கும் மலையூரில் நேர்ந்தால் எண்ணிக் கணக்கெடுக்கவும் ஆளிராது.

இனிச் சொல் ஒன்றைப் பற்றிக் கூற வேண்டும். அரசாங்கக் காகிதங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது நம்முடைய அலுவல். அக்காகிதங்களில் 'கழிவு நீர்' என்ற ஒரே தொடர் மூன்று வேறு பொருள்களுக்கு நிற்பதைக் காண்கிறோம். கூரையிலிருந்தும் தெருவிலிருந்தும் வடியும் மழை நீர் ஒன்று. குளியலறையிலும் அடுப்பங்கரையிலும் துணி துவைக்குமிடத்திலும் செலவாகும் புழக்க நீர் மற்றொன்று. கக்கூசிலிருந்து வரும் மல நீர் மூன்றாவது. ஆங்கிலத்தில் பின்னிரண்டுக்கும் 'சல்லேஜ்' என்றும் 'சீவேஜ்' என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. நாம் இரண்டையும் 'சாக்கடை' என்ற ஒரே கூடையில் போட்டு வைத்திருக்கிறோம். சொல் ஒன்றாயிருப்பதால்தானோ என்னவோ, வழியும் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. மழைக்காட்டு ஊர்களில் தெருவோரத்துச் சிமிட்டிக் கால்வாய் ஒன்றுதான். மூன்று நீரும் அதில்தான். இவ்வூர்களின் கழிவு நீர்த் தொல்லையில் பெரும்பகுதி இக்கலப்பிலிருந்தே பிறப்பதாக நாம் கருதுகிறோம்.

கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். இருபதாயிரம் பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுப் பொறியியல் நூல்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்க வேண்டுமென்றும், அதில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவாகத் திரும்பும் என்றும் வைத்துக் கணக்கிடுகின்றன. அவ்வாறாயின் ஆளுக்கு 108 லிட்டர்; ஊர் முழுவதற்கும் 21 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். இது மழையில்லாத நாளின் கணக்கு. இப்பொழுது 100 மில்லிமீட்டர் மழை பெய்கிறதென்று கொள்வோம். பருவகாலத்தில் அங்கே இது வியப்புக்குரிய மழையன்று. ஒரு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் நிலத்தின்மீது அம்மழை இறக்கும் நீர் 10 லட்சம் லிட்டர். இரண்டு ஹெக்டேருக்குச் சற்று மிகுந்த நிலத்தில் விழும் மழையே, இருபதாயிரம் பேரும் அன்று கழித்த நீர் அனைத்துக்கும் சமமாகிவிடுகிறது. ஊரோ நூறு ஹெக்டேருக்குக் குறையாது. எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் அந்த வெள்ளத்துக்கு ஈடு கொடுக்க இயலாது. தொட்டிகளில் வளர்த்து வைத்த நுண்ணுயிர்கள் அடித்துச் செல்லப்பட்டுவிடும். மழை நின்ற பின் அவை மீண்டும் பெருகச் சில வாரங்கள் வேண்டும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

மேலைநாட்டுப் பழைய நகரங்கள் மழை நீரையும் மல நீரையும் ஒரே சுரங்கக் குழாயில் விட்டன என்பது மெய்யே. 1858-ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் தேம்ஸ் ஆற்றின் துர்நாற்றம் பாராளுமன்றத்தையே அலைக்கழித்த பின்னர், லண்டன் நகருக்குப் பாசல்கெட் என்ற இஞ்சினீயர் அமைத்த பெருங்குழாய்கள் அவ்வகையினவே. ஆனால் லண்டனில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 600 மில்லிமீட்டர் அளவில்தான். அந்தமானில் ஈரமான ஒரு மாதத்திலேயே அதை நெருங்கும் மழை பெய்துவிடுகிறது. அங்கே பொருந்திய ஏற்பாடு இங்கே பொருந்தாது. ஆகவே மழை நீருக்குத் திறந்த கால்வாய், மல நீருக்கு மூடிய குழாய் என்று முதலிலேயே பிரித்துவிடுவது மழைநாட்டில் இன்றியமையாத முதற்பணி. புழக்க நீர் மல நீரோடு சேர்ந்து போகலாம். மழை நீர் மட்டும் எக்காரணத்தாலும் சேரலாகாது. கூரைத் தண்ணீர்க் குழாயைக் கக்கூசுக் குழாயோடு இணைத்துவிடும் கொத்தனார்கள் உண்டு. அவ்விணைப்பு ஒன்று, பத்து வீட்டு மல நீரைக் கெடுக்க வல்லது.

இனி, வீடுகளில் நாம் காணும் செப்டிக் டாங்குக்கு வருவோம். அந்தமானிலும் மலைநாட்டு ஊர்களிலும் பெரும்பாலான வீடுகள் நெடுங்காலமாக இதனையே நம்பி வந்துள்ளன. பிரான்சு நாட்டில் உருவான இக்கருவிக்கு, இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் கேமரன் என்பவர் 1890-களில் செப்டிக் டாங்கு என்ற பெயரைச் சூட்டினார். செயல் முறை எளிது. தொட்டிக்குள் வரும் மல நீர் ஓரிரு நாள் அசையாது நிற்கிறது. கனத்த பொருள் அடியில் சேறாகப் படிகிறது. எண்ணெய்ப் பசையுள்ளது மேலே ஏடாக மிதக்கிறது. இடையிலுள்ள நீர் மறுபக்கம் வழிந்து வெளியேறுகிறது. அடிச் சேற்றைப் பிராணவாயு இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லச் செரிக்கின்றன. அப்பொழுது மீத்தேன் முதலிய வாயுக்கள் பிறக்கின்றன.

இதனைச் சுத்திகரிப்பு என்று மக்கள் கருதிவிடுகின்றனர், அங்கேதான் பிழை. தொட்டியிலிருந்து வழியும் நீர் கண்ணுக்குச் சற்றுத் தெளிந்திருக்கலாம். நீரிலுள்ள அழுக்கைச் செரிக்க எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்பதைக் கொண்டு அழுக்கை அளப்பது விஞ்ஞானிகளின் வழக்கம். புதிய மல நீரில் லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இத்தேவை இருக்கும். செப்டிக் டாங்கு அதில் மூன்றிலொரு பங்கு, மிஞ்சினால் பாதி குறைக்கும். ஆற்றில் விடுவதற்குப் பொது விதியாக வகுக்கப்பட்ட உச்ச அளவோ 30 மில்லிகிராம். நோய்க் கிருமிகளைப் பொறுத்தவரை நிலை இன்னும் மோசம். கோடிக்கணக்கில் உட்புகுந்தவை கோடிக்கணக்கிலேயே வெளிவருகின்றன. தொட்டிக்குப் பின்னால் உள்ள உறிஞ்சு குழியும், அதனைச் சூழ்ந்த மண்ணுமே மிச்ச வேலையைச் செய்ய வேண்டியவை. மண் உலர்ந்திருந்தால் அதை நன்றாகவே செய்யும். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்கும்வரை நீர் மெதுவாகக் கசிந்து, கிருமிகள் வழியிலேயே மடியும்.

மழைக்காலத்தில் அந்த மண் எந்நிலையில் இருக்கிறது? நிலத்தடி நீர் ஏறிவந்து தரையைத் தொடுகிறது. உறிஞ்சு குழிக்குள் வெளி நீரே வந்து நிறைகிறது. உறிஞ்ச வேண்டிய குழி ஊற்றாக மாறிவிடுகிறது. நீர் நிறைந்த மண்ணில் கிருமிகள் வெகுதூரம் பயணம் செய்ய இயலும். கேரளத்தில் ஒவ்வொரு வீட்டு மனைக்கும் ஒரு கிணறு என்பது ஏறக்குறைய வழக்கம். குடிநீர்க் கிணற்றுக்கும் மலக் குழிக்கும் இடையே குறைந்தது ஏழரை மீட்டர் இருக்க வேண்டுமென அங்குள்ள கட்டட விதி கூறுகிறது. ஐந்து சென்ட் மனையில் நம் கிணற்றுக்கு நம் குழி ஏழரை மீட்டர் தள்ளியிருக்கலாம். ஆனால் அடுத்த வீட்டுக்காரரின் குழி நம் வேலியை ஒட்டியிருப்பின் என் செய்வது? விதியின் எழுத்து காப்பாற்றப்பட்டு, கிணறு காப்பாற்றப்படாமல் போவதற்கு இது தக்க எடுத்துக்காட்டு. நம்மைக் கேட்டால், தூரத்தை அளப்பதோடு சரிவையும் பார்க்க வேண்டும். குழி மேட்டிலும் கிணறு பள்ளத்திலும் இருந்தால் இருபது மீட்டரும் போதாமற் போகலாம். நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் மலையாளிகளின் வழக்கத்தை நம்மவர் அப்படியே பின்பற்றுவது நலம்.

இத்தனை கூறியபின், மழைநாட்டின் தட்பவெப்பம் முற்றிலும் பகையன்று என்பதையும் கூற வேண்டும். வெப்பம் பெரிய துணை. காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் குளிரில் சோம்பிவிடும். நீர் 15 டிகிரிக்குக் கீழ்ப் போனால் அவற்றின் வேலை வெகுவாகக் குறையும். ஐரோப்பாவில் இதனாலேயே காற்றைச் செலுத்தும் முறைகளை நாடினர். 1914-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட முறை இன்று உலகெங்கும் பெருநகரங்களில் கையாளப்படுகிறது. இரவு பகலாக மின்சாரம் கொண்டு நீரில் காற்றை ஊத வேண்டும். மின்சாரம் சில மணி நேரம் நின்றாலே நுண்ணுயிர்கள் தளர்ந்துவிடும். அந்தமானில் மின்சாரத்தின் பெரும்பகுதி கப்பலில் வரும் டீசல் எண்ணெயைக் கொண்டு ஆக்கப்படுவது. கழிவு நீரில் காற்று ஊதுவதற்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் எண்ணெய் கொண்டுவருவது சிறிய ஊருக்குத் தாங்காது. நம் நாட்டில் மலையூர்களிலும் பிற சிற்றூர்களிலும் இத்தகைய நிலையங்கள் கட்டிய சில ஆண்டுகளில் ஓசையின்றி நின்றுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மின்சாரக் கட்டணமும், பழுது பார்க்க ஆள் கிடைக்காமையுமே.

ஆண்டு முழுவதும் 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் நிலவும் தீவில் மின்சாரமில்லாமலே பாதி வேலையைச் செய்துவிடலாம். 1970-களில் ஹாலந்து நாட்டு லெட்டிங்கா காற்றில்லா முறையைச் செம்மைப்படுத்தினார். 1980-களின் இறுதியில் கான்பூரில் அது மல நீருக்குச் சோதித்துப் பார்க்கப்பட்டது. சிறிய ஊர்களுக்கு அதனினும் எளியதொரு வகை உண்டு. நீண்ட தொட்டியைக் குறுக்குச் சுவர்களால் ஐந்தாறு அறைகளாகப் பிரித்து, நீர் ஒவ்வோர் அறையிலும் அடிவரை இறங்கி, சேற்றின் ஊடே மேலேறி, அடுத்த அறைக்குள் விழுமாறு அமைப்பர். செப்டிக் டாங்கில் நீர் சேற்றின் மேலே வழுகிப் போகிறது. இங்கே சேற்றுக்குள் புகுந்து போகிறது. வேறுபாடு அவ்வளவே. ஆயினும் அழுக்கு முக்கால் பங்கு வரை குறைந்துவிடும்.

அடுத்த படிக்கு மலைச்சரிவே உதவுகிறது. சமவெளியில் நீரை மேலேற்றப் பம்பு வேண்டும். மலையூரில் நீர் தானே இறங்கும். இறங்கும் வழியில் கருங்கல் ஜல்லி நிரப்பிய படுகை ஒன்றை வைத்து, நீரை அதன்மேல் தெளித்து விட்டால், கல்லின்மேல் படர்ந்துள்ள நுண்ணுயிர்ப் பாசம் அழுக்கை உண்டு, இடுக்குகளில் நுழையும் காற்றினின்று பிராணவாயுவைப் பெறும். இங்கிலாந்தில் 1890-களிலேயே இது வழக்கத்துக்கு வந்துவிட்டது. இரண்டு மூன்று மீட்டர் உயர வேறுபாடு போதும். அதற்குப் பின் கல்வாழையும் சம்பும் நாணலும் நட்ட ஜல்லிப் பாத்தி ஒன்று. இவ்வகைப் பாத்தியை ஜெர்மனியில் கேத்தே ஸைடெல் என்ற அம்மையார் 1950-களில் ஆராய்ந்து நிலைநாட்டினார். செடியின் அழகைக் கண்டு செடியே நீரைச் சுத்தம் செய்கிறது என்று நினைப்பவர் பலர். வேலையில் பெரும்பங்கு வேரையும் ஜல்லியையும் பற்றி வாழும் நுண்ணுயிர்களுடையது. மழைநாட்டில் இப்பாத்திக்கு உயர்ந்த கரை வேண்டும். சுற்று நிலத்து வெள்ளம் உள்ளே பாயுமானால் ஜல்லியின் இடுக்குகள் மண்ணால் அடைபட்டு ஓராண்டில் பாழாகிவிடும்.

குளங்கள் வெட்டி, வெயிலிலும் பாசியிலும் நீரைத் தெளிய வைக்கும் முறை மேலும் எளியதாயிற்றே என்று கேட்கலாம். நாகபுரியில் 1958-ஆம் ஆண்டு நிறுவப்பெற்று, 1974 முதல் 'நீரி' என்று வழங்கும் ஆராய்ச்சி நிலையம் அத்தகைய குளங்களைப் பற்றி நிறைய ஆராய்ந்துள்ளது. கல்கத்தாவின் கிழக்கே ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள ஈரநிலத்தில் நகரின் கழிவு நீர் மீன் குளங்களில் பாய்ந்து தெளிவதை அங்கு வாழும் நேயர்கள் நேரில் பார்த்திருக்கலாம். அதன் அருமையை உலகறியச் செய்தவர் துருபஜ்யோதி கோஷ் என்ற இஞ்சினீயர். ஆனால் அம்முறைக்கு ஆளுக்கு இரண்டு மூன்று சதுர மீட்டர் சமநிலம் வேண்டும். இருபதாயிரம் பேருக்கு நாலு முதல் ஆறு ஹெக்டேர். மழைக்காட்டு மலையூரில் அவ்வளவு சமநிலம் காட்டை அழித்தாலன்றிக் கிடைப்பதரிது. நீரைச் சுத்தமாக்க நீரின் தாயாகிய காட்டை வெட்டுவது அறிவுடைமையாகாது. கடலோரத் தாழ்நிலம் இருக்கிறதே என்றால், அந்தமானில் அதற்கும் ஒரு தடை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நேர்ந்த பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட்டின் வயல்களில் கடல் நீர் புகுந்து தங்கிவிட்டது. நெல் விளைந்த இடத்தில் இன்று நீர்ப்பறவைகள் மேய்கின்றன. வடக்கே டிக்லிபூர்ப் பக்கத்தில் நிலம் உயர்ந்து, பவளப்பாறைகள் வெளியே தெரிந்தன. இத்தகைய நிலத்தில் கடல்மட்டத்தை ஒட்டி நிலையம் கட்டுவோர் பலமுறை சிந்திக்க வேண்டும்.

கடலைப் பற்றியும் ஒரு சொல். தீவைச் சூழ்ந்த விரிகுடாக்களில் அலையாத்திக் காடுகளும் பவளப்பாறைகளும் உள்ளன. கழிவிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் பயிருக்கு உரம். பவளத்துக்கோ நஞ்சு போன்றவை. அவற்றை உண்டு பெருகும் பாசி பவளத்தின்மேல் படர்ந்து ஒளியை மறைத்துவிடும். மீன்பிடிப்பவரும் சுற்றுலாப் பயணியரைக் கொண்டு பிழைப்பவரும் இதனை மனத்தில் வைக்க வேண்டும். அதே தீவில் மழை நின்ற மூன்று நான்கு மாதங்களில் குடிநீர்க் குழாய் முறைவைத்துத் திறக்கப்படுவது வழக்கம். தெளிந்த கழிவு நீரைத் தென்னைக்கும் கமுகுக்கும் பாய்ச்சினால் உரமும் மிச்சம், குடிநீரும் மிச்சம்.

எல்லா வீடுகளையும் பெருங்குழாயால் இணைக்கப் பணமில்லாத ஊரில், இருக்கும் செப்டிக் டாங்குகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து வழியும் நீரை மட்டும் சிறிய குழாய்களில் திரட்டுவது ஒரு நல்ல வழி. சேறு தொட்டியிலேயே தங்கிவிடுவதால் குழாய் சிறிதாயிருக்கலாம். ஆழமாகத் தோண்டவும் வேண்டா. தெற்கு ஆஸ்திரேலியாவின் சிற்றூர்களில் 1960-களிலிருந்து இம்முறை நடைபெறுகிறது. தங்கிய சேற்றை என்ன செய்வது என்பதே மிஞ்சும் கேள்வி.

அதற்கு விடை கூறிய ஊர் பெங்களூருக்கு அண்மையிலுள்ள தேவனஹள்ளி. சேறு அள்ளும் லாரிகள் இரவில் ஏரியிலும் தோப்பிலும் கொட்டிச் செல்லும் நிலையை மாற்ற, அங்கே 2015-ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 6,000 லிட்டர் சேற்றைச் சுத்தம் செய்யும் நிலையம் அமைந்தது. ஓர் ஊர் முழுமைக்கும் இவ்வாறு அமைந்தது நம் நாட்டில் அதுவே முதல். சேற்றை மூடிய தொட்டிகளில் செரிக்க வைத்து, மணற்பாத்தியில் பரப்பி உலர்த்தி, ஊர்க் குப்பையோடு சேர்த்து எருவாக்குகிறார்கள். குப்பை மக்கும்போது எழும் சூடு 55 டிகிரியைத் தாண்டிச் சில நாள் நீடித்தால் குடற்புழுவின் முட்டைகளும் அழியும். வேறெவ்வகையிலும் அம்முட்டைகள் எளிதில் சாவதில்லை, மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தேவனஹள்ளியில் ஓரிரு வாரத்தில் உலரும் சேறு, மழைநாட்டுத் திறந்த பாத்தியில் எட்டு மாதமும் உலராது. ஆகவே அங்கே பாத்திக்கு ஒளிபுகும் கூரை இன்றியமையாதது. பக்கங்களைத் திறந்து வைத்துக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். இல்லையேல் ஈரம் உள்ளேயே சுழன்றுகொண்டிருக்கும்.

தொட்டியைக் காலி செய்யும் ஆளைப் பற்றிப் பேசாமல் இவ்விஷயத்தை முடிக்க நமக்கு மனம் வரவில்லை. சேற்றில் பிறக்கும் வாயுக்களில் ஹைட்ரஜன் சல்பைடு ஒன்று. சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதென்று எண்ணி இறங்குகிறவன் இரண்டு மூச்சில் விழுந்துவிடுகிறான். அவனைத் தூக்க இறங்கும் தம்பியோ கூட்டாளியோ அவன்மேல் விழுகிறான். இவ்வாறு இறப்போரில் ஊர்விட்டு ஊர் வந்த கூலியாட்கள் பலர். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைத் தொட்டியிலும் சாக்கடையிலும் இறக்குவதைக் குற்றமாக்கியுள்ளது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டுமென 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. வேலை கொடுத்தவரிடம் துணிந்து கேட்கவும், கேட்டது கிடைக்காவிடில் இறங்க மறுக்கவும் இச்சட்டம் இடம் தருகிறது என்பதை நேயர்கள் தம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். உறிஞ்சும் லாரி வராத சந்து என்பது ஆளை இறக்குவதற்குக் காரணமாகாது. நீண்ட குழாய் கொண்ட லாரியைத் தேடுவதற்கே காரணம்.

வாடகை வீட்டில் குடியிருப்போர் வீட்டுக்காரரிடம் சிலவற்றைக் கேட்டறிவது நல்லது. தொட்டி எங்கே இருக்கிறது, அதிலிருந்து வழியும் நீர் எங்கே போகிறது, கடைசியாக எப்பொழுது காலி செய்தார்கள் என்பவை அவை. தெருக் கால்வாயில் போகிறது என்ற விடை வருமாயின், அக்கால்வாயில் குழந்தைகள் கால் நனைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சேற்றை எடுக்க வேண்டும். பத்தாண்டாகத் திறக்கவில்லை என்று பெருமையாகச் சொல்லப்படும் தொட்டி, சேறு நிறைந்து, வந்ததை வந்தபடியே வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

காலி செய்யும் பருவமும் முக்கியம். அடைமழையில் தொட்டி பொங்குகிறதே என்று ஆடி ஆவணியில் லாரியை வரவழைப்பார்கள். அப்பொழுது நிலத்தடி நீர் தரைமட்டத்தில் நிற்கும். உள்ளே முற்றிலும் வெறுமையான தொட்டி, வெளியே நீரின் அழுத்தம். சிறிய தொட்டியாயின், ஆற்றில் விட்ட குடம்போல மண்ணைப் பிளந்துகொண்டு மேலே எழும்பிவிடுவது உண்டு. குழாய்கள் முறியும், சுவர் விரியும். மாசி, பங்குனியில் நிலம் உலர்ந்திருக்கும்போது எடுத்துவிட்டால் இத்தொல்லையில்லை. லாரியும் சேற்றில் சிக்காமல் சரிவேறி வரும்.